68 வயதில் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறலாமா, அதுவும் கோத்தகிரியில்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 68. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், வீடு. 14 வருடமாக ஒரே கார்தான், கியர் வைத்த சின்ன பெட்ரோல் வண்டி. இடது முட்டி வலியால் இப்போது கிளட்ச் மிதிக்க முடியவில்லை. வாரத்தில் ஓரிரு நாள் குன்னூர், மாதம் ஒருமுறை கோயம்புத்தூரில் மருத்துவமனை. பெங்களூரில் இருக்கும் மகன் பெரிய எஸ்.யூ.வி.யாக எடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது என்கிறார். எந்த வண்டி எடுப்பது, ஓட்டும் பழக்கத்தில் எதை மாற்றுவது, பழைய காரையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

ஐயா, மாடல் பெயர் கேட்பது போல இருந்தாலும், 'இன்னும் எந்தெந்த ரோட்டில், எந்தெந்த நேரத்தில் நான் ஓட்டலாம்' என்பதுதான் இதில் உள்ள கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதை முதலில் முடிவு செய்துவிட்டால் வண்டி தானாகவே முடிவாகிவிடும். நான் குன்னூரில் முதலில் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், அப்புறம் டிரைவிங் ஸ்கூல். சமீப காலமாக என்னிடம் வருகிறவர்களில் உங்களைப் போல ஓய்வு பெற்று, கியர் வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். வண்டியைப் பற்றியும் நம் ரோட்டைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். கண், முட்டி, மாத்திரை விஷயத்தில் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்ததை மட்டும்தான் சொல்ல முடியும், மீதி உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

உங்கள் பயணங்களைப் பிரித்துப் பாருங்கள். கோத்தகிரி–குன்னூர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் இருந்தாலும் பழகிய ரோடு, பகலிலேயே முடிந்துவிடும். கோயம்புத்தூர் அப்படியில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டருக்குள் சுமார் 1,450 மீட்டர் இறங்க வேண்டும். அதன்பின் சமவெளி நெரிசல், மருத்துவமனையில் காத்திருப்பு, களைப்போடு மாலையில் திரும்ப ஏற்றம். பல நேரம் சாப்பாடும் தள்ளிப்போயிருக்கும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் அந்த மாலை ஏற்றம்தான் எனக்குக் கவலை. என் யோசனை இது: கோயம்புத்தூர் போகும் அந்த ஒரு நாளுக்கு ஊரில் நம்பிக்கையான ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருநாள் சம்பளம், புது வண்டியின் மாதத் தவணையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இப்படிப் பிரித்துவிட்டால் மகன் சொல்லும் பெரிய வண்டிக்கான காரணம் பாதி போய்விடுகிறது. குன்னூருக்கும் பக்கத்துக் கட்டபெட்டுக்கும் போய்வர யாருக்கும் அவ்வளவு பெரிய வண்டி தேவையில்லை.

சரி, ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகுமா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு விதமான இயந்திரங்கள் விற்கின்றன. நம் ஊரில் அதிகம் விற்பது ஏ.எம்.டி. அதில் இருப்பது கியர் வண்டியில் உள்ள அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ். காலும் கையும் செய்த வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது, அவ்வளவுதான். விலை குறைவு, மைலேஜ் குறையாது. கிளட்ச் இருப்பதால், மேட்டில் வரிசையில் நிற்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்தால் கிளட்ச் கருகும். 'ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகாது' என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிக் கருக்கியவர்களிடமிருந்து வந்தது. பிரேக்கை அழுத்தி நின்று, வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் கிளம்பினால் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் வழியாக இன்ஜின் பலத்தைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சி.வி.டி.யிலும் ஊர்ந்து போவது மென்மையாக இருக்கும், நெரிசலில் மேடு ஏற அவைதான் சுகம். டி.சி.டி. எனப்படும் இரட்டைக் கிளட்ச் வண்டி திறந்த ரோட்டில் அருமையாகப் பாயும், ஆனால் சீசன் நேரத்தில் மேட்டில் ஊர்ந்தால் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். உங்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஷோரூமில் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுவார்கள். மலையில் இருக்கும் நமக்கு இறங்குவதுதான் முக்கியம். ஏற முடியாத வண்டி நின்றுவிடும், அதோடு சரி. இறங்கும்போது இன்ஜின் பிடித்துக்கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் ஏ.எம்.டி. மற்றவற்றுக்குச் சளைத்ததில்லை. மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரில் வைத்தால் உங்கள் பழைய வண்டி போலவே இழுத்துப் பிடிக்கும். சி.வி.டி.யிலும் டார்க் கன்வெர்ட்டரிலும் 'எல்' அல்லது 'எஸ்' நிலை, இல்லையென்றால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு மாதிரி பட்டன்கள் இருக்கும். இந்த வசதி எதுவுமே இல்லாத, 'டி' மட்டும் உள்ள வண்டியை மலைக்காரர் வாங்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது மேட்டில் பின்னால் உருளாமல் ஓரிரு நொடி பிடித்துவைக்கும் ஹில் ஹோல்ட். பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறுகிற இடைவெளி வயதாக ஆகக் கொஞ்சம் நீளும், அந்த இடைவெளிக்குத்தான் இது. ஹில் ஹோல்ட் பெரும்பாலும் இ.எஸ்.சி. எனும் சறுக்கல் கட்டுப்பாட்டோடு சேர்ந்து வரும். மழையில் சேறு படிந்த வளைவில் அதுவும் உதவும். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள். ஏ.எம்.டி. எடுத்தால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பல மாடல்களில் 'பி' என்ற பார்க்கிங் நிலையே கிடையாது. சரிவில் நியூட்ரலில் விட்டு இறங்கினால் ஹேண்ட் பிரேக் மட்டும்தான் காவல். கியரில் போட்டே இன்ஜினை அணைக்க வேண்டும், முன்சக்கரத்தை மண்திட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். சக்கரத்துக்குக் கல் வைக்கும் நம் பழைய பழக்கத்தையும் விட வேண்டாம்.

இன்ஜின் பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீத பலத்தை இழக்கும், காற்று அடர்த்தி குறைவதால். கோத்தகிரி 1,800 மீட்டர் அளவில் இருப்பதால் ஆறில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும். டர்போ இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு உதகைக்கு அடிக்கடி போவதானால் டர்போ வேண்டும் என்பேன். நீங்களும் உங்கள் வீட்டு அம்மாவும் மட்டும் குன்னூர் போய்வர 1.2 லிட்டர் சாதாரண இன்ஜின் போதும். டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து விற்கும், பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, கொஞ்ச நேரம் தொடர்ந்து ஒரே வேகத்தில் சூடாக ஓட வேண்டும். இருபது கிலோமீட்டர் மெதுவாகப் போய் இன்ஜினை அணைக்கிற வாழ்க்கைக்கு அது பொருந்தாது.

மின்சாரக் காரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முட்டி வலிக்காரருக்கு அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கியரே இல்லை, மேட்டில் பலம் குறையாது, இறங்கும்போது மோட்டாரே பிரேக் போலப் பிடித்து மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், சிறிய மின்சாரக் கார் ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற, சமதளத்தில் ஆகும் செலவு போக, உயரத்துக்கு மட்டும் சுமார் 6 யூனிட் கூடுதலாகக் கேட்கும். சின்ன பேட்டரியில் அது நல்ல பங்கு. இன்னொரு நுணுக்கம் கீழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது: மேலே வீட்டில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு உடனே மலை இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமிருக்காது. மோட்டார் பிடிப்பு குறைந்து, முழுச் சுமையும் பிரேக்கில் விழும். இறங்கும் நாளில் 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்து, வண்டி உங்கள் திண்ணை வரை வருமென்றால் யோசிக்கலாம். ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் படி இறங்கிப் போகும் வீடென்றால் விட்டுவிடுங்கள்.

இனி அளவு. ஹட்டிக்குள் எதிரே ஒரு பிக்கப் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேகன்-ஆர் அகலம் 1,620 மில்லிமீட்டர், எஸ்.யூ.வி. ரகமான பிரெஸ்ஸா 1,790. பதினேழு சென்டிமீட்டர் வித்தியாசம், கிட்டத்தட்ட முக்கால் சாண். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது சிரமமாகும் வயதில் அந்த முக்கால் சாண் பெரிய விஷயம். உயரமான சீட்டும் வேண்டும், ஆனால் ஏறுவதற்குக் கால் தூக்க வேண்டிய அளவுக்கு இல்லை. உட்காரும் இடம் உங்கள் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் அப்படியே திரும்பி உட்காரலாம். அதற்கு வேகன்-ஆர் போன்ற உயரக் கூரை வண்டி தோது, ஆனால் 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்கு ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. டாடா பஞ்ச் சற்று அகலம் கூடுதல், 2021 சோதனையில் ஐந்து நட்சத்திரம், கதவும் 90 டிகிரி வரை திறக்கும். வயதானவரின் மார்பெலும்பு இளைஞரைவிடச் சின்ன மோதலிலேயே முறியும். அதனால் நட்சத்திரத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே வந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் மாடலின் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த வண்டியானாலும் சமதள ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை வீட்டுக்கு வரவழைத்து, உங்கள் வீட்டு மேட்டின் நடுவில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். அம்மாவும் நாலைந்து முறை ஏறி இறங்கட்டும். ஏ.சி., கண்ணாடியில் படியும் பனியை நீக்குவது, விளக்கு மூன்றும் தடவிப் பார்த்தே போடும்படி தனிப் பட்டனாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றைத் திரைக்குள் தேட வைக்கும் வண்டி மூடுபனியில் உபத்திரவம். நம் ஊரில் குளிரென்று ஏ.சி.யைத் தொடுவதேயில்லை. ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால், ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடி நிமிடத்தில் தெளியும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை இத்தோடு விடலாம்.

பழக்கங்களில் முதலில் போக வேண்டியது நியூட்ரல். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம் தலைமுறை நம்பியது, கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு அர்த்தமும் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நிற்கும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும். பணமும் மிச்சமில்லை, பிடிப்பும் இல்லை. தொடர்ந்து மிதித்தே இறங்கினால் பிரேக் சூடேறி மிதி உள்ளே போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. பழசானால் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் மேலே ஊற்றி நிரப்பிவிடுவார்கள்.

இரண்டாவது இடது கால். நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த கால் சும்மா இருக்காது. வேகம் குறையும்போது தன்னையறியாமல் நீண்டு, கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பின்னால் வருபவர் வந்து இடிப்பார். அதைவிட மோசமானது வலது கால் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்துவது. நிறுத்துமிடத்தில், திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுக்கும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. இடது பாதத்தை அதற்கென்றுள்ள ஓர மேடையில் வைத்து மறந்துவிடுங்கள். வலது குதிகால் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றியிருக்கட்டும், முன்பாதம் மட்டும் ஆக்சிலரேட்டருக்குச் சாயட்டும். செருப்பு வேண்டாம், ஷூ. ஏதாவது ஒரு காலி மைதானத்தில், பக்கத்தில் பழகிய ஒருவரை வைத்துக்கொண்டு, நிறுத்துவதையும் பின்னால் எடுப்பதையும் மட்டுமே சலிக்கும் வரை செய்த பிறகு ரோட்டுக்கு வாருங்கள்.

மூன்றாவது, பின்னால் சேரும் வரிசை. வயதானவர் மெதுவாகப் போவது தவறே இல்லை. ஆனால் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்து ஹாரன் அடிக்கும்போது பதற்றத்தில் வேகம் கூட்டுவது, அல்லது வளைவில் 'போ போ' என்று கையைக் காட்டி முந்தவிடுவது, இரண்டும் ஆபத்து. அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நின்று எல்லோரையும் அனுப்பிவிடுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதியிலேயே இருக்கிறது. சீசனில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்திருந்தாலும் ஏப்ரல், மே ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம்.

நேரம் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவத்தில் சொல்வார்கள். எதிர்விளக்குக் கூச்சத்திலிருந்து பார்வை மீளவும் நேரமாகும். இருட்டில் காட்டெருமை ரோட்டில் நின்றால் அதன் கறுத்த உடம்பு எதையும் திருப்பிக் காட்டாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் வேறு. இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். மூடுபனியில் ஹை பீம் வேண்டாம், வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும். மஞ்சள் விளக்கு பனியை ஊடுருவும் என்பதை நம்பிப் பணம் போடாதீர்கள். பனித்துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவை, நிறத்தால் பெரிய வித்தியாசம் வராது. விளக்கு தாழ்வாக இருப்பதுதான் பயன். கண்புரை, கண் அழுத்தம் இரண்டையும் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்னும், ஓட்டுபவருக்கே தெரியாது. சளி மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிட்ட நாளில் சாவியைத் தொடாதீர்கள்.

நீங்கள் இன்னும் நன்றாக ஓட்டுகிறீர்களா என்பதை எழுத்தில் கேட்டு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். வண்டியின் இடதுபக்கம் காரணம் தெரியாத கீறல்கள் புதிதாகச் சேர்கின்றனவா, பக்கத்தில் உட்காருபவர் காலை ஊன்றுகிறாரா என்று பாருங்கள். வீட்டாரைக் கேட்டால் ஒன்று பயப்படுவார்கள், இல்லை மனம் நோகுமே என்று பூசி மெழுகுவார்கள். ஏதாவது டிரைவிங் ஸ்கூலில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி, உங்களைத் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். லைசென்ஸ் 55 வயதுக்கு மேல் ஐந்தைந்து வருடத்துக்குத்தான் புதுப்பிப்பார்கள், மருத்துவச் சான்று வேண்டும். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஆக, ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு சரிப்பட்டால் ஹில் ஹோல்டும் மேனுவல் நிலையும் உள்ள சின்ன ஏ.எம்.டி. எடுங்கள். கோயம்புத்தூருக்கும் நானே போவேன் என்றால் டர்போவும் டார்க் கன்வெர்ட்டரும், அல்லது டர்போவும் சி.வி.டி.யும் சேர்ந்த ஒன்றை, முடிந்தவரை அகலம் குறைவாகப் பாருங்கள். முதல் பாதி அனுபவத்தில் உறுதியாகச் சொல்வது, இரண்டாவது நீங்கள் பிடிவாதம் பிடித்தால் சொல்லும் சமரசம்.

பழைய காரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறினால் இடது காலுக்குப் புதுப் பழக்கம் படியவே படியாது. பதிவுக்கு 15 வருடம் முடியப்போகிறது, அப்புறம் புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி, தகுதிச் சோதனை என்று செலவு வேறு. விற்கும்போது 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறியதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். அதுவரை அந்த வண்டி எங்கே இடித்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இன்சூரன்ஸில் க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. 50 சதவீதம் வரை இருக்கலாம். பழைய நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தை வாங்கிவைத்து, புது வண்டி பாலிசியில் கழிக்கச் சொல்லுங்கள். ஷோரூமில் அவர்களாக இதை எடுத்துச் சொல்வது அபூர்வம்.